பெரிய கேலிபர் வாங்கினால் எல்க் விழுந்துவிடாது

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒவ்வொரு அக்டோபரும், எல்க் என்னும் பெரிய மானுக்கான முதல் ரைஃபிள் வேட்டை சீசன் முடிந்த கையோடு இதே கேஸ்தான் வருகிறது. புத்தம்புது .300 வின்செஸ்டர் மேக்னம் (வெடிமருந்து கூடுதலாக அடைத்த தோட்டாவுக்கான ரைஃபிள்), அதன்மேல் விலை கூடிய ஸ்கோப், 380 கெஜத்தில் நின்ற ஆண் எல்க், இரைப்பையில் பட்ட குண்டு. அடிபட்டது அடர்ந்த ஊசியிலைக் காட்டுக்குள் இறங்கிவிடும். மறுநாள் மதியம் தேடிப்பிடிக்கும்போது, தொடை எலும்பு இடுப்போடு சேரும் மூட்டைச் சுற்றி இறைச்சி பச்சை படர்ந்து நாறிப்போயிருக்கும். அந்தத் தடித்த தோலுக்குள் சூடு அடங்காது. சில மணி நேரத்துக்குள் வயிற்றைத் திறந்து ஆறவிடாவிட்டால் கெட்டுவிடும். சுட்டவர் கேட்கும் கேள்வியும் மாறுவதில்லை: "இதைவிடப் பெரிய கேலிபர் (தோட்டா ரகம்) எடுத்திருக்கணுமா?"

கூடாது. இதைவிடச் சிறியதை எடுத்து, நன்றாகச் சுடப் பழகியிருக்க வேண்டும்.

'மேக்னம் எங்கே பட்டாலும் ஆளைச் சாய்த்துவிடும்' என்கிற நம்பிக்கையை யார் பரப்புகிறார்களோ தெரியாது, அதன் விலையை விலங்கு கொடுக்கிறது. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். .308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட், .300 வின்செஸ்டர் மேக்னம் மூன்றிலும் குழாயிலிருந்து வெளியே போகும் குண்டு ஒரே விட்டம்தான், 7.82 மி.மீ. 180 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டு என்றால் எடையும் ஒன்றே. வேறுபடுவது வேகம் மட்டும்: .308 நொடிக்குச் சுமார் 2,620 அடி, .30-06 சுமார் 2,700, .300 மேக்னம் சுமார் 2,960. இந்தக் கூடுதல் 260 அடி வேகத்தால் இரைப்பையில் விழும் ஓட்டை நுரையீரலில் விழுந்த ஓட்டையாகிவிடாது. ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். நம் மலைக்காடுகளில் நன்கு வளர்ந்த கடமானைக் கண்டவர்களுக்கு அந்த உருவம் பிடிபடும். இரண்டு நுரையீரலும் கிழிந்தால் எவ்வளவு பெரிய எல்க்கும் சில விநாடிகளில் தள்ளாடி விழும். ஒரு நுரையீரல் மட்டும் என்றால் மைல் கணக்கில் போகும். குடலில் பட்டால் கேட்கவே வேண்டாம். இதில் கேலிபருக்கு ஒரு வேலையும் இல்லை.

"அப்படியானால் மேக்னத்தால் பயனே இல்லையா?" என்றால், இருக்கிறது, அளவு தெரிந்துகொள்ளுங்கள். இரண்டையும் 200 கெஜத்துக்கு ஸீரோ செய்தால் (அந்தத் தொலைவில் குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால்), .30-06 குண்டு 300 கெஜத்தில் எட்டு ஒன்பது அங்குலம் தாழும்; .300 மேக்னம் ஏழு அங்குலம். 400 கெஜத்தில் முன்னது இரண்டடி, பின்னது இருபது அங்குலம். தொலைவை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் எல்லார் கழுத்திலும் தொங்கும் காலத்தில் இந்த நான்கு அங்குலத்துக்கு என்ன மதிப்பு? 400 கெஜம் போய்ச்சேர எந்தக் குண்டுக்கும் ஏறக்குறைய அரை நொடி ஆகும். அந்த அரை நொடியில் எல்க் ஓரடி எடுத்து வைத்தால் நெஞ்சுக்குக் குறிவைத்த குண்டு வயிற்றில் படும். மேலே சொன்ன கேஸ்களில் பாதி அப்படி நடப்பவை.

இந்தச் சிறு லாபத்துக்குத் தோள் கொடுக்கும் விலை பெரிது. எட்டு பவுண்டு ரைஃபிளில் .30-06 சுமார் 20 அடி-பவுண்டு (ஆற்றலின் அலகு) உதைக்கும்; .300 மேக்னம் 26-க்கு மேல்; .338 மேக்னம் முப்பதையும் தாண்டும். 6.5 கிரீட்மூர் என்ற சிறிய தோட்டா 13-க்குள் அடங்கும். உதைக்குப் பயந்த உடம்பு ட்ரிக்கர் விழுவதற்கு ஒரு கணம் முன்பே இறுகிவிடும். சுடுபவருக்கு அது தெரியாது. "எனக்கு அந்தப் பழக்கமே இல்லை" என்பவர்களிடம்தான் அது அதிகம். சோதித்துப் பாருங்கள்: நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் மேகஸினில் நிஜத் தோட்டாக்களுக்கு இடையே டம்மித் தோட்டாக்களைக் கலந்து வைக்கட்டும். டம்மி வரும் முறை ட்ரிக்கர் 'டிக்' என்று விழும்போது, வெடிக்காத குழாயின் முனை ஓர் அங்குலம் கீழே குனிவதையும், கண் இமை மூடுவதையும் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார். அந்த ஓர் அங்குலம் 300 கெஜத்தில் எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உதையைக் குறைக்கக் குழாயின் முனையில் மஸில் பிரேக் என்ற துளையிட்ட கருவியை மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உதை குறையும், உண்மை. ஆனால் பக்கவாட்டில் வீசும் சத்தம் உங்கள் காதையும் அருகில் படுத்திருக்கும் வழிகாட்டியின் காதையும் நிரந்தரமாகக் கெடுக்கும். காதடைப்பான் இல்லாமல் பிரேக் போட்ட ரைஃபிளைச் சுடாதீர்கள். ஒரு தடவைகூட.

கேலிபரைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுகிறவர்கள் குண்டைப் பற்றி ஒரு நிமிடம் யோசிப்பதில்லை. 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், பின்னாளில் குண்டுத் தயாரிப்பாளரான ஜான் நாஸ்லர் மூஸ் என்னும் மிகப்பெரிய மான் ஒன்றைச் சுட்டார். கையில் இருந்தது .300 எச் அண்ட் எச் மேக்னம். மூஸின் தோலில் சேறு காய்ந்து அப்பியிருந்தது. குண்டுகள் உள்ளே ஆழமாகப் போகாமல் மேலேயே சிதறின. அவர் ஊர் திரும்பி, நடுவில் செப்புத் தடுப்பு வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி குலையாமல் துளைத்துப் போகும் 'பார்ட்டிஷன்' குண்டைச் செய்தார். மேக்னத்திடம் இல்லாதது வேகமா? குண்டின் கட்டுமானம்தான் சரியில்லை.

எல்க்குக்கு வேண்டியது இந்தக் குணம்: விரிய வேண்டும், சிதறக் கூடாது, முன்சப்பை எலும்பில் பட்டாலும் நெஞ்சைக் கடக்க வேண்டும். பார்ட்டிஷன், ஈயத்தை உறையோடு ஒட்டிய அக்யூபாண்ட் போன்றவை, முழுச் செம்பாலான பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ், ஹார்னடி சிஎக்ஸ் போன்றவை. எதை எடுத்தாலும் சரி. பெட்டியில் 'மேட்ச்' என்று அச்சிட்டிருந்தால் அது காகித இலக்குக்கு. மெல்லிய உறை, எல்க்கின் சப்பை எலும்பில் உடைந்து மேற்புண்ணோடு நின்றுவிடும். செம்புக் குண்டில் ஒரு கவனம்: நொடிக்கு 1,800 அடிக்குக் கீழே வேகம் இறங்கினால் பல ரகங்கள் சரியாக விரியாது, பென்சில் போல் ஓட்டை போட்டுப் போய்விடும். உங்கள் தோட்டா எத்தனை கெஜத்தில் அந்த வேகத்துக்கு இறங்குகிறது என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் பாருங்கள். அதுவே உங்கள் எல்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. மற்ற மாநிலங்களிலும் முடிந்தால் செம்புக்கு மாறுங்கள். காட்டில் விட்டுவரும் குடலையும் ஈயத் துணுக்கையும் சேர்த்துத் தின்று கழுகுகள் சாகின்றன.

சரி, எந்தக் கேலிபர்? கொலராடோ சட்டம் எல்க்குக்கு வைத்திருக்கும் கீழ்வரம்பு: .24 கேலிபர் (இங்கே விட்டம், அங்குலத்தில்), விரியக்கூடிய 85 கிரெயின் குண்டு, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல். இதன்படி .243 வின்செஸ்டர் செல்லும். சட்டத்துக்குச் செல்லும் என்பதற்காக முதல் எல்க்குக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். படும் இடத்தில் 1,500 அடி-பவுண்டாவது இருக்கட்டும் என்பது இத்தொழிலில் பழைய வழக்கு; .243 அதை 200 கெஜத்துக்கு முன்பே இழந்துவிடும். 6.5 கிரீட்மூர் 143 கிரெயின் குண்டோடு 300 கெஜம் வரை தாங்கும். அதற்குமேல் அதைக் கேட்காதீர்கள். 7எம்எம்-08 உதைக்கு அஞ்சுபவர்களுக்கும் சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கும் அருமையானது; இதைக் கடையில் யாரும் எடுத்துக் காட்டுவதில்லை என்பது என் மனக்குறை. .270 வின்செஸ்டர் 1925-இல் வந்தது. துப்பாக்கி எழுத்தாளர்களில் அது போதும் என்று ஜாக் ஓ'கானரும், போதவே போதாது என்று எல்மர் கீத்தும் பத்திரிகைகளில் பல்லாண்டு மல்லுக்கு நின்றார்கள். 150 கிரெயின் பார்ட்டிஷனோடு அது தாராளமாகப் போதும்.

எதுவும் தெரியாமல் ஒருவர் வந்து கேட்டால் பதில் .308 அல்லது .30-06, 165 அல்லது 180 கிரெயின். மலையடிவாரக் கடையிலும் தோட்டா கிடைக்கும். .30-06 சுமார் 400 கெஜம் வரை அந்த 1,500-ஐ ஒட்டி நிற்கும்; .308 அதற்குச் சற்று முன்பே இறங்கிவிடும். 7எம்எம் ரெமிங்டன் மேக்னமும் .300-உம் வருடத்துக்கு 200 தோட்டாவாவது சுடுகிறவர்களுக்கு. .338-ஐ முதல் ரைஃபிளாக வாங்குகிறவரைக் கடையிலேயே தடுக்க வேண்டும்.

வாங்கியபின் செய்ய வேண்டியது பயிற்சி. பெஞ்சில் மணல்மூட்டை மேல் வைத்துச் சுடுவது ஸீரோ பார்க்க மட்டும். ஒரே ரகத் தோட்டா நான்கைந்து பெட்டி வாங்கி, கோடை முழுவதும் உட்கார்ந்து, மண்டியிட்டு, கவட்டைக் குச்சியில் தாங்கிச் சுடுங்கள். ஒரு நாளைக்கு 15-க்கு மேல் வேண்டாம், தோள் வலித்தால் கெட்ட பழக்கம் பதியும். பத்து அங்குலத் தட்டில் ஐந்துக்கு ஐந்தும் விழும் மிகத் தொலைவான இடமே உங்கள் எல்லை. 10,000 அடி உயரத்தில் மூச்சிரைக்கும்போது அதிலும் கால்வாசியைக் கழித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் நிற்கும் எல்க்குக்கு, முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறி. நேருக்கு நேர் நின்றாலோ பின்பக்கம் காட்டினாலோ விட்டுவிடுங்கள். சுட்டதும் ரசித்துக்கொண்டு நிற்காதீர்கள். அடுத்த தோட்டாவை ஏற்றி, எல்க் விழும்வரை சுடுங்கள்.

எச்-1பி போன்ற விசாவில் இருக்கும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி உங்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்கத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால்தான் விலக்கு. உரிமத்தை முதலில் எடுங்கள், காலாவதியாக விடாதீர்கள். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர் வேட்டைக் கல்விச் சான்றிதழும் காட்ட வேண்டும்.

தோட்டா வாங்கும்போது '300' என்று மட்டும் கேட்காதீர்கள். .300 வின்செஸ்டர் மேக்னம், .300 டபிள்யூஎஸ்எம், .300 வெதர்பி, .300 பிஆர்சி நான்கும் வெவ்வேறு. குழாயில் பொறித்திருப்பதும் தோட்டாவின் அடிப்பாகத்தில் பொறித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். விமானத்தில் வருகிறவர்கள் குண்டு நீக்கிய ரைஃபிளைப் பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து கவுண்டரில் அறிவித்துவிடுங்கள். இறங்கியதும் காட்டுக்குப் போகும் முன் 100 கெஜத்தில் மூன்று தோட்டா சுட்டு ஸீரோவைச் சரிபாருங்கள். பெட்டி விழுந்ததில் ஸ்கோப் நகர்ந்திருந்தால் அது அங்கேயே தெரிந்துவிடும்.