அட்டைப் படத்தைப் பார்த்து ஜானர் போடாதீர்கள்

இசை விநியோக நிறுவனங்களுக்காகப் பாடல் விவரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு பாட்டு ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களுக்குப் போகும்போது கூடவே ஒரு படிவமும் போகும். பாடியது யார், எழுதியது யார், உரிமை யாருக்கு, மொழி என்ன, ஜானர் (இசை வகை) என்ன என்று அதில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். மெட்டாடேட்டா என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆல்பம் வந்தது. ஜானர் கட்டம் காலி. அட்டையில் ஒரு கறுப்பினப் பெண், மடியில் கிட்டார். அன்று முடிக்க வேண்டிய வேலை குவிந்து கிடந்தது. முதல் பாட்டைப் பத்து விநாடி ஓடவிட்டு, 'ஆர் அண்ட் பி / சோல்' என்று, அதாவது பொதுவாகக் கறுப்பின இசை என்று கருதப்படும் வகையைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டேன். ஆல்பம் வெளியான மூன்றாம் நாள் அந்தப் பாடகியிடமிருந்து ஒரே வரியில் கேள்வி வந்தது: பாட்டை முழுதாகக் கேட்டீர்களா?

அப்புறம்தான் கேட்டேன். பான்ஜோ, பிடில் (வயலின்), ஊரை விட்டுப் போனவனைப் பற்றிய கதைப் பாட்டு. தெளிவான கன்ட்ரி, அதாவது அமெரிக்கக் கிராமிய இசை. அதே வாரம், ஏறக்குறைய அதே கருவிகளோடு வந்த ஒரு வெள்ளை இளைஞரின் ஆல்பத்துக்கு யோசிக்காமல் கன்ட்ரி என்று போட்டிருந்தேன். என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் யாரோ நூறு வருடத்துக்கு முன் வெட்டிவைத்த வாய்க்காலில் என் கை தானாகப் போயிருக்கிறது. அந்த வாய்க்காலை வெட்டியது யார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் துறையில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1920 ஆகஸ்டில், நியூயார்க்கில், ஒகே என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காக மாமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி 'கிரேஸி ப்ளூஸ்' பாடினார். கறுப்பின மக்கள் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகள் அதுவரை நம்பவில்லை. அந்தத் தட்டு விற்ற வேகம் கணக்கை மாற்றியது. அடுத்த ஆண்டே ஒகே, கறுப்பின வாடிக்கையாளர்களுக்கென 8000 எண்ணில் தொடங்கும் தனி வரிசையைக் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட தட்டுகளுக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற பெயர் நிலைத்தது. ரேஸ் (இனம்) என்ற சொல் அன்று வசைச்சொல் அல்ல. கறுப்பினப் பத்திரிகைகளே தங்கள் மக்களைப் பெருமையோடு அப்படித்தான் குறித்தன. சிக்கல் அந்தப் பெயருக்குள் எதை அடைத்தார்கள் என்பதில் இருக்கிறது. ப்ளூஸ் (கறுப்பின மக்களின் துயரப் பாட்டு), ஜாஸ், தேவாலயப் பாட்டு, நகைச்சுவைப் பேச்சு, ஏன், போதகர்களின் பிரசங்கம்கூட அதே வரிசையில் வந்தது. பிரசங்கத்துக்கும் ஜாஸுக்கும் காதுக்குத் தெரிகிற ஒற்றுமை என்ன இருக்கிறது? ஒலித்த குரலின் தோல் நிறம் ஒன்றுதான்.

இன்றைய கன்ட்ரியின் முன்னோடியான தென்மாநில வெள்ளையர்களின் பாட்டு 'ஹில்பில்லி', 'ஓல்ட் டைம்' என்ற பெயர்களில் வேறு வரிசைக்குப் போனது. கொலம்பியா கம்பெனியில் 14000 வரிசை கறுப்பினத்தவருக்கு, 15000 வரிசை தென்மாநில வெள்ளையருக்கு. விலைப்பட்டியலும் விளம்பரமும்கூடத் தனித்தனி. ஊர்ப்புறங்களில் நடந்ததோ வேறு. பான்ஜோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் தங்கள் நாட்டுக் கருவிகளின் சாயலில் உருவாக்கிய கருவி. பிடில் வாசிக்கும் கறுப்பினக் கலைஞர்கள் தெற்கில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராக வந்தவர்கள் அவர்களிடம் பெரும்பாலும் ப்ளூஸ்தான் கேட்டார்கள். பதிவாகாத வாசிப்பு வரலாற்றில் இல்லாமலே போய்விட்டது.

இந்தப் பிரிவினை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு ஆலன் சகோதரர்கள் கதை ஒன்றே போதும். லீ, ஆஸ்டின் என்று இரண்டு வெள்ளைச் சகோதரர்கள். 1927இல் கொலம்பியாவுக்காக அவர்கள் பதிவுசெய்த ப்ளூஸ் தட்டு 14000 வரிசையில், அதாவது கறுப்பினத்தவர் வரிசையில் வெளியானது. சகோதரர்கள் கொதித்துப்போய் 2,50,000 டாலர் கேட்டு வழக்குப் போடப்போவதாக மிரட்டினார்கள். கடைசியில் விக்டர் கம்பெனிக்கு மாறிவிட்டார்கள். நான் இதை முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இசையில் ஒரு குறையும் இல்லை, பாடியவர்களின் பெயரும் சரியாகத்தான் இருந்தது. வரிசை எண் மாறியதற்காக, அன்றைக்குப் பெரும் செல்வம் என்று சொல்லத்தக்க ஒரு தொகை!

1930இல், கன்ட்ரி இசையின் தந்தை என்று கொண்டாடப்படும் ஜிம்மி ரோட்ஜர்ஸ் ஒரு பாட்டைப் பதிவுசெய்தார். டிரம்பெட் வாசித்தது கறுப்பின ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங், பியானோ ஆம்ஸ்ட்ராங்கின் மனைவி லில் ஹார்டின். இசைத்தட்டில் ஆம்ஸ்ட்ராங் பெயர் இல்லை.

அமெரிக்காவில் பாட்டுகளின் தரவரிசையை வெளியிடும் பில்போர்ட் பத்திரிகையின் பட்டியலையும் பாருங்கள். கறுப்பின இசைக்கான பட்டியலுக்கு 1942இல் பெயர் 'ஹார்லெம் ஹிட் பரேட்', 1945இல் 'ரேஸ்'. அங்கே வேலை பார்த்த ஜெரி வெக்ஸ்லர் சொன்ன 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்ற பெயர் 1949இல் வந்தது. 1969இல் 'சோல்', 1982இல் வெளிப்படையாகவே 'பிளாக்', 1990இல் மறுபடி 'ஆர் அண்ட் பி'. எழுபதுகளில் நியூயார்க் வானொலியில் ஃபிராங்கி கிராக்கர் புழக்கத்தில் விட்ட 'அர்பன்' (நகர்ப்புறம்) என்ற சொல்லும் கறுப்பின இசையைக் குறிக்கும் பெயரானது; 2013இல் கிராமி விருதில் 'அர்பன் கன்டெம்பரரி ஆல்பம்' என்ற பிரிவு வந்தது. 2020 ஜனவரியில் ராப் ஆல்பத்துக்கான கிராமியை வாங்கிய கையோடு கறுப்பினக் கலைஞர் டைலர் த கிரியேட்டர் இதைப் பற்றிப் பேசினார். தங்களைப் போன்றவர்கள் எதைப் புதிதாகச் செய்தாலும் ராப் அல்லது அர்பன் பெட்டிக்குள்தான் போடுகிறார்கள் என்பது அவர் வருத்தம். அதே ஆண்டு ஜூனில் கிராமி அந்தப் பிரிவின் பெயரை மாற்றியது.

சரி, பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் வேலையில் பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. எந்த வானொலி உங்கள் பாட்டைத் திறந்து பார்க்கும், எந்தப் பிளேலிஸ்ட் தொகுப்பாளர் கண்ணில் படும், எந்த விருதுக்குப் போட்டியிடலாம் என்பதிலெல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குப் பங்கு இருக்கிறது. 2019இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின ராப் கலைஞர் தன் 'ஓல்ட் டவுன் ரோட்' பாட்டைக் கன்ட்ரி என்றே குறித்து ஏற்றினார். கன்ட்ரி பட்டியலில் நுழைந்த பாட்டை, இன்றைய கன்ட்ரியின் கூறுகள் போதவில்லை என்று பில்போர்ட் எடுத்துவிட்டது. பட்டியலில் எளிதாக ஏற அவர் செய்த தந்திரம் என்று சிலர் சொன்னார்கள். அப்படியே இருந்தாலும், ஹிப் ஹாப் தாளத்தில் பாடிய வெள்ளைக் கன்ட்ரி பாடகர்கள் அதே பட்டியலில் பல ஆண்டுகளாக இருந்தார்களே? அந்தப் பாட்டு எல்லா வகை இசைக்குமான பில்போர்டின் பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது.

இது நமக்குத் தூரத்துக் கதையும் இல்லை. வெளிநாட்டில் வாழும் தமிழர் ஒருவர் ஜாஸோ மெட்டலோ வாசித்து அனுப்பினாலும், பெயரைப் பார்த்ததும் 'வேர்ல்ட்' (உலக இசை) என்று போட்டுவிடும் கைகளை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். 1987இல் லண்டனில் ஒரு மதுக்கூடத்தில் கூடிய சில இசை வியாபாரிகள், கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாத தட்டுகளுக்காகப் பரப்பிய பெயர் அது.

அதனால் கலைஞர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், ஜானர் கட்டத்தைக் காலியாக அனுப்பாதீர்கள். வெளியான அன்றே ஒவ்வொரு தளத்திலும் போய் உங்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தவறாக இருந்தால் உடனே எழுதுங்கள், தொந்தரவு என்று நினைக்க வேண்டாம். என்னைப் போல் படிவம் பார்ப்பவர்களுக்கு ஒன்று: 1966இல் சார்லி பிரைடின் முதல் கன்ட்ரி பாட்டை வானொலிகளுக்கு அனுப்பியபோது, அவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்தால் போடமாட்டார்களே என்று கம்பெனி படத்தைச் சேர்க்காமல் அனுப்பியது. இப்போது எங்கள் குழுவில் நாங்களும் படத்தை மறைக்கிறோம், காரணம்தான் வேறு. இரண்டு பாட்டையாவது முழுதாகக் கேட்டு ஜானர் எழுதிய பிறகே அட்டையைத் திறக்கிறோம். சந்தேகம் வந்தால் பாடியவரிடமே கேட்டுவிடுகிறோம்.

அந்தப் பாடகியின் ஆல்பத்துக்கு நான் அனுப்பிய திருத்தம் எல்லாத் தளங்களிலும் ஏறி முடிவதற்குள், அவர் பல மாதம் காத்திருந்த வெளியீட்டு வாரம் கடந்துபோயிருந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. அவருடைய அடுத்த ஆல்பம் வந்தபோது ஜானர் கட்டத்தில் கன்ட்ரி என்று அவரே நிரப்பியிருந்தார். குறிப்புப் பகுதியில் 'மாற்ற வேண்டாம்' என்று இரண்டு முறை எழுதியிருந்தது.