சோர்ன் போட்ட காரை வாசலில் விட்டுவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்

"நான் கார் ஓடவே இல்லைத் தம்பி. அது சும்மா வாசல்ல நிண்டது."

இந்தக் கோடையில் இதை நான்காவது தடவையாகக் கேட்டுவிட்டேன். லண்டனின் மேற்குப் பக்கம் கராஜ் வைத்திருக்கிறேன், கார்களுக்கு வருடாவருடம் செய்யும் எம்.ஓ.டி தகுதிச் சோதனையும் செய்கிறேன். காரில் பழுது என்றால் என்னிடம் வருவது சரி. சுவான்சியில் இருக்கும் வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ-யிலிருந்து வரும் கடிதங்களையும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இந்த முறை வந்த அண்ணை ஒரு தமிழ்க்கடைப் பை நிறையக் கொண்டுவந்தார். பாதி உறை பிரிக்கவே இல்லை.

நல்லூர்த் திருவிழாவைச் சாட்டி மூன்று மாதம் ஊரில் நின்றிருக்கிறார். போகும் முன் இணையத்தில் சோர்ன் (SORN) என்ற அறிவிப்பைப் போட்டு, ரோட் டாக்ஸில் மிச்சமிருந்த மாதங்களுக்குக் காசும் திரும்ப எடுத்து, இன்சூரன்ஸையும் நிறுத்திவிட்டார். காரை விட்டது வீட்டுக்கு முன்னால், தெருவில், பத்து வருடமாக விடும் அதே இடத்தில். திரும்பி வந்தபோது அங்கே வேறு யாருடையதோ வான் நின்றது.

சோர்ன் என்றால் காரை ஓடாமல் வைத்திருப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. இந்தக் கார் பொதுச் சாலையில் *இல்லை* என்று டி.வி.எல்.ஏ-க்கு நீங்கள் கொடுக்கும் அறிவிப்பு அது. அந்தக் கார் ரோட்டில் நின்றால் அறிவிப்பே பொய்யாகிவிடும். இயந்திரத்தை முடுக்கினீர்களா, பற்றரியைக் கழற்றி வைத்தீர்களா, கார் மேல் உறை போட்டு மூடினீர்களா, எதுவும் கணக்கில் இல்லை. நான்கு சில்லையும் கழற்றிவிட்டுக் கல்லில் ஏற்றி வைத்தாலும், ரோட்டில் என்றால் ரோட்டில்தான். "எனக்குக் கவுன்சில் பெர்மிட் இருக்கு" என்பார்கள். பெர்மிட் பார்க்கிங்குக்கு, டாக்ஸுக்கு அல்ல. "என் வீட்டு வாசல்தானே" என்பார்கள். வாசல் உங்களுடையது, அதற்கு வெளியே உள்ள தார் கவுன்சிலுடையது. பொதுப் பணத்தில் பழுது பார்க்கப்படும் எந்தச் சாலையும் பொதுச் சாலைதான். சோர்ன் போட்ட கார் நிற்க வேண்டியது உங்கள் ட்ரைவ்வேயில், கராஜுக்குள், அல்லது வேறு தனியார் நிலத்தில்.

அண்ணையின் கணக்கைப் பேப்பரில் எழுதிக் காட்டினேன். டாக்ஸில் மிச்சம் பிடித்தது ஐம்பது பவுண்டு கூட இல்லை. சில்லைப் பூட்டும் கிளாம்ப் போட்ட 24 மணி நேரத்துக்குள் போய்க் கழற்றியிருந்தால் 100 பவுண்டு. அவர் யாழ்ப்பாணத்தில். அதனால் காரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதை மீட்க 200. நின்ற ஒவ்வொரு நாளுக்கும் 21. பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது, ஆகவே 252. டாக்ஸ் கட்டியதைக் காட்ட முடியாவிட்டால் இன்னும் 160 பிணைப் பணம். பிறகு டாக்ஸ் கட்டினால் அது திரும்பி வரும், ஆனால் அன்றைக்குக் கையில் இருக்க வேண்டும். மொத்தம் 612. அபராதம் தனி. வழக்குக்குப் போனால் 2,500 பவுண்டு வரை போகலாம். இவராவது நேரத்துக்கு வந்தார். எடுக்காமலே விட்டால் நசுக்கவோ ஏலம் விடவோ அவர்களுக்கு உரிமை உண்டு.

சோர்ன் போடாமல் சும்மா விடுகிறவர்களும் இருக்கிறார்கள். கார் பூட்டிய கராஜுக்குள் தூசி பிடித்துக் கிடந்தாலும், டாக்ஸும் இல்லை சோர்னும் இல்லை என்றால் 80 பவுண்டு அபராதக் கடிதம் தானாக வரும். யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லை, கணினி பார்த்துக்கொள்ளும். இன்சூரன்ஸும் 2011-இலிருந்து அப்படித்தான்: காரை எடுக்காவிட்டாலும் இருக்க வேண்டும், சோர்ன் போட்டால் மட்டும் விலக்கு. டாக்ஸ் பூச்சியம் என்பவர்களும், மாற்றுத்திறனாளி விலக்கானாலும் நாற்பது வருடப் பழைய காரானாலும், அந்தப் பூச்சியத்துக்கே டாக்ஸ் பதிய வேண்டும்.

டாக்ஸ் கட்டியதற்கு அடையாளமாகக் கண்ணாடியில் ஒட்டும் வட்டத் துண்டு 2014 அக்டோபரோடு போய்விட்டது. அதோடு இன்னொன்றும் போனது, அதுதான் பலருக்கு இன்னும் தெரியாது. கார் கை மாறினால் டாக்ஸ் கூடப் போகாது. "இன்னும் நாலு மாசம் டாக்ஸ் கிடக்கு, அப்பிடியே ஓடுங்கோ" என்று சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். விற்றதை அறிவித்ததும் அந்தப் பணம் அவருக்கே திரும்பிவிடும். சோர்னும் அப்படித்தான். அவர் போட்டது அவரோடு சரி, வாங்கியவர் புதிதாகப் போட வேண்டும்.

அடுத்தது என் தொழிலில் கை வைக்கும் விஷயம். சோர்ன் போட்ட காரை ரோட்டில் ஓட்ட எம்.ஓ.டி போன்ற சோதனைக்கு மட்டும்தான் அனுமதி. முன்கூட்டியே நேரம் பதிந்திருக்க வேண்டும், இன்சூரன்ஸ் இருக்க வேண்டும், போகவும் வரவும் மட்டும். வழியில் மரக்கறி வாங்க நிறுத்துவது அதில் சேராது. பொலிஸ் மறித்த பிறகு எனக்கு ஃபோன் செய்து, "தம்பி, ஒம்பது மணிக்கு புக்கிங் எண்டு ஒருக்காச் சொல்லும்" என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். பிரேக் சத்தம் பார்க்க என்று கொண்டுவருவதற்கும் அனுமதி இல்லை. அதற்கு லாரியில் ஏற்றித்தான் வர வேண்டும்.

சோர்ன் போட ஒரு சதமும் செலவில்லை. காரின் பதிவுப் பத்திரமான லாக் புக்கில் உள்ள 11 இலக்க எண்ணைக் கொடுத்தால் உடனே அமலுக்கு வரும். நினைவூட்டல் கடிதத்தில் உள்ள 16 இலக்க எண்ணைக் கொடுத்தால் அடுத்த மாதம் முதலாம் தேதியிலிருந்துதான். 2013 முடிவிலிருந்து வருடாவருடம் புதுப்பிக்கத் தேவையில்லை. மறுபடி ஓட வேண்டுமா, எம்.ஓ.டி-யும் இன்சூரன்ஸும் சரியாக இருந்தால் டாக்ஸ் கட்டுங்கள், சோர்ன் தானாக நீங்கிவிடும். வீடு மாறினால் தயவுசெய்து லாக் புக்கில் முகவரியை மாற்றுங்கள். ஈஸ்ட் ஹாமில் விட்டுவந்த பழைய வீட்டுக்காரர் உங்கள் கடிதத்தை ஹரோவுக்கு எடுத்துவந்து தரமாட்டார்.

ட்ரைவ்வே இல்லாதவர்கள் சோர்ன் யோசனையையே விட்டுவிட்டு டாக்ஸும் இன்சூரன்ஸும் கட்டிக்கொண்டு போவதுதான் மலிவு. ட்ரைவ்வே இருப்பவர்கள் ஒரு டேப் எடுத்து அளந்து பாருங்கள். போன மாதம் ஒருவர் காட்டிய படத்தில் காரின் முன்பக்கம் ஜன்னலை முட்டிக்கொண்டு நின்றது, பின்சில்லு இரண்டும் நடைபாதையில். நடைபாதையும் பொதுச் சாலையின் ஒரு பகுதிதான்.