கொசுவத்திச் சுருளும் பேனா ஸ்பிரிங்கும்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மகளின் உயிரியல் பாடத்தில் டிஎன்ஏவை ஹெலிக்ஸ் என்கிறார்கள். கொசுவத்தியின் வடிவத்தை ஸ்பைரல் என்கிறார்கள். இரண்டுமே சுருள்தானே ஐயா?"

இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் உண்டு. ஸ்பைரல் ஒரு மையத்தைச் சுற்றிச் சுற்றி விலகிக்கொண்டே போகும், மேசைமேல் தட்டையாகப் படுக்கும். ஹெலிக்ஸ் ஓர் அச்சைச் சுற்றி ஏறும், அச்சிலிருந்து அதன் தூரம் பொதுவாக மாறாது. பேனா ஸ்பிரிங், திருகாணியின் மரை எல்லாம் அந்த ரகம். ஆங்கிலத்தில் ஸ்பைரல் படிக்கட்டு என்கிறார்களே, அதுவும் ஹெலிக்ஸ்தான். குழப்பம் பழையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் தட்டைச் சுருளை ஆராய்ந்தபோது அதற்குக் கிரேக்கத்தில் எழுதிய சொல்லே ஹெலிக்ஸ்தான்!

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஒரு கொசுவத்தியை எடுங்கள். நடுவிலிருந்து வெளியே கடிகாரமுள் திசையில் சுற்றுகிறதா? திருப்பிப் போடுங்கள், எதிர்த்திசையில் சுற்றும். பேனா ஸ்பிரிங்கைத் தலைகீழாக நிறுத்துங்கள், ஒன்றும் மாறாது. வலப்பக்கம் முறுக்கியது எப்படிப் பிடித்தாலும் வலம்தான். கண்ணாடியில் பார்த்தால் மட்டுமே இடமாகும்.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் சீனக் கோயில்களின் கூரையிலிருந்து தொங்கும் பெரிய ஊதுவத்திகளைப் பார்த்திருப்பீர்கள். பொட்டலத்தில் அவை தட்டைச் சுருள். நடுமுனையைக் கொக்கியில் மாட்டியதும் சுற்றுகள் சொந்த எடையில் ஒவ்வொன்றாக இறங்கி, கூம்பு போன்ற ஹெலிக்ஸ் ஆகின்றன. பழைய நாள்காட்டித் தாளில் ஒரு சுருள் வெட்டி, நடுவில் நூல் கோத்துத் தூக்கிப் பாருங்கள். இறங்கும் பாதையை விரலால் தொடருங்கள். அப்புறம் அதே தாளைத் திருப்பிப் போட்டு, நூலை மறுபக்கமாகக் கோத்துத் தூக்குங்கள். விரல் எதிர்ப்பக்கமாகச் சுற்றி இறங்கும். ஒரே தாளில் வலமும் இடமும் இருந்தன. எந்த முகத்தை மேலே வைத்தோம் என்பதுதான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது.

1953இல் வடிவம் தெரியவந்த டிஎன்ஏவுக்கு இந்தச் சலுகை கிடையாது. நம் செல்களில் சாதாரணமாக இருக்கும் டிஎன்ஏ வலமுறுக்கு, எந்த முனையிலிருந்து பார்த்தாலும் வலம்தான்.

பாடநூல்கள் அதை 'இரட்டைச் சுருள்' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. பாயைச் சுருட்டுகிறோம், கயிற்றை முறுக்குகிறோம். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் நம்மிடமே இருக்கிறது. முறுக்கிய இழைக்குப் புரி என்றே பெயர். 'இரட்டைப் புரி' என்று எழுதினால் பிள்ளைகளுக்கு வடிவம் உடனே கண்ணில் நிற்கும்.

தீபாவளிக்கு அம்மா கைமுறுக்கு சுற்றுவார். மாவு இழையை விரல் நுனியில் முறுக்கிக்கொண்டே வட்டம் வட்டமாகச் சுற்றுவார். இழையில் புரி, தட்டில் சுருள், இரண்டும் ஒரே பலகாரத்தில். எண்ணெயில் ஒருபக்கம் வெந்ததும் கரண்டியால் புரட்டிவிடுவார். அந்த நொடியில் சுருளின் திசை மாறிவிடும், புரி மாறாது.