ஆண்டு மொத்தம் சொல்லாத மலையாற்றுக் கணக்கு

மலையாறுகளின் நீர்வரத்தை அளப்பது என் தொழில். திட்டம் போட வருகிறவர்கள் முதலில் கேட்பது, "வருஷத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும்?" என்பதைத்தான். அந்த ஒற்றை எண்ணை நம்பி மலையாற்றில் எதையும் கட்டக்கூடாது என்பேன். மொத்தம் மாறாமலே வெள்ளம் பெருத்து, கோடை ஓட்டம் மெலிந்திருக்கலாம்.

காற்று 1 டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்ப்பது அதனால்தான். பனி விழும் மலைகளில் அதே 1 டிகிரிக்குப் பனிக்கோடு, அதாவது மழைக்குப் பதில் பனி விழத் தொடங்கும் உயரம், ஏறத்தாழ 150 மீட்டர் மேலே ஏறுகிறது. அந்த உயரத்தில் பனியாகத் தங்கி வசந்தத்தில் உருகவேண்டிய நீர், மழையாக விழுந்து குளிர்காலத்திலேயே ஓடிவிடுகிறது. பனியாறுகள் கரையும் இடங்களில் சில பத்தாண்டுகளுக்குத் தண்ணீர் கூடத்தான் செய்யும். அதைப் பார்த்து மகிழ்வது, வைப்புத்தொகையை உடைத்துச் செலவழித்துவிட்டு வருமானம் என்று சொல்வதுபோல.

நிலத்தின் கதை இவ்வளவு நேரானதல்ல. காட்டை வெட்டினால் ஆறு உடனே வற்றும் என்பது பாதி உண்மைகூட இல்லை. அமெரிக்காவில் 1934-ல் தொடங்கிய கோவீட்டா ஆய்வு மையத்தில் மரங்களை வெட்டிப் பார்த்தபோது ஓடையின் ஆண்டு நீர்வரத்து கூடியது. மரங்கள் உறிஞ்சி ஆவியாக்கியது நின்றுபோனதே காரணம். கோடை ஓட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதன்பின் மண்ணுக்கு நடப்பது. மேய்ச்சலும் இயந்திரங்களும் மண்ணை இறுக்கிவிட்டால் மழைநீர் உள்ளே இறங்காது.

சாலையும் அப்படித்தான். மலைச்சரிவை வெட்டிப் போட்ட சாலையோரம் மழையில் நின்று பாருங்கள். வெட்டுமுகத்தில் பாதி உயரத்திலிருந்து நீர் கசிந்து வழியும். மண்ணுக்குள்ளேயே மெல்ல நகர்ந்து பல நாள் கழித்து ஓடையைச் சேரவேண்டிய நீர் அது. இப்போது சாலையோர வடிகாலில் விழுந்து, சிறுபாலத்துக் குழாய் வழியே சில நிமிடங்களில், செம்மண் கலங்கலோடு ஓடையில் கொட்டுகிறது. எங்கள் அளவுகோலில் நீர்மட்டம் சட்டென்று ஏறி, சட்டென்று இறங்கும். நல்ல காட்டு ஓடையில் இறக்கம் நாள்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும். கோடையில் ஓடுவது அந்த இழுவைதான்.

காடு எல்லா வெள்ளத்தையும் தடுக்கும் என்றும் நினைக்க வேண்டாம். நாள்கணக்கில் பெய்து மண் நிரம்பிவிட்டால், மேற்கொண்டு விழுவதைக் காடும் பிடித்துவைக்காது.

'நூறாண்டு வெள்ளம்' என்பது ஆண்டுதோறும் 1 சதவீத வாய்ப்பு. 30 ஆண்டுகளில் ஒருமுறையாவது அது வர சுமார் 26 சதவீத வாய்ப்பு உண்டு. அதுவும் பழைய மழையை, பழைய நிலத்தை வைத்துப் போட்ட கணக்கு. அறிக்கை கைக்கு வந்தால் தினசரி ஓட்டத்தையும், வறண்ட மாதத்தின் குறைந்தபட்ச ஓட்டத்தையும் கேளுங்கள். கடைசி வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றுப்படுகையை மறுபடி அளந்தார்களா என்றும் கேளுங்கள். படுகை மாறியிருந்தால், அதே நீர்மட்டத்துக்கு ஓட்டம் வேறாக இருக்கும்.