திருப்புமுனை அன்று, தொழில் மீட்பு

நலிந்த தொழில்களைத் தேடி வாங்கிச் சீர்செய்யும் முதலீட்டைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றில், ‘18 மாதத் திருப்புமுனைத் திட்டம்’ என்ற தொடரை அண்மையில் படித்தேன். ‘டர்ன்அரவுண்ட்’ என்பதற்குத் திருப்புமுனை என்று எழுதும் வழக்கம் பரவி வருகிறது. அது பிழை என்று இனியாவது சொல்லியாக வேண்டும்.

ஆங்கிலச் சொல்லின் அடிப்பொருள் எதிர்த்திசைக்குத் திரும்புதல் என்பதே. வணிகத்தில் அது, நட்டத்தில் சரியும் நிறுவனத்தை இலாபத்துக்குக் கொண்டுவரும் முழு வேலைக்கும் பெயராயிற்று.

திருப்புமுனை வினைத்தொகை, முனை என்பது ஒரு புள்ளி, ஒரு கணம். ‘டர்னிங் பாயின்ட்’ என்பதற்கு அது கச்சிதமாகப் பொருந்தும். தொழிலைச் சீர்செய்வதோ கணத்தில் முடிவதன்று. வாங்குபவர் கையிருப்புப் பணம் எத்தனை வாரம் தாங்கும் என்று முதலில் கணக்கிடுகிறார். கடன் கொடுத்தவர்களிடம் தவணை பேசுகிறார். தேங்கிய சரக்கைக் கழித்து, நட்டம் தரும் பிரிவை மூடுகிறார். 1999-இல் பிரான்சின் ரெனோ கார் நிறுவனம், நட்டத்தில் இருந்த ஜப்பானியக் கார் நிறுவனமான நிசானின் 36.8 விழுக்காட்டுப் பங்கை வாங்க ஒப்பந்தம் செய்த நாளைத் திருப்புமுனை எனலாம். ஐந்து ஆலைகளை மூடவும், 21,000 வேலைகளைக் குறைக்கவும், கொள்முதல் செலவைச் சுருக்கவும் அதன்பின் வகுக்கப்பட்ட பல்லாண்டுத் திட்டத்தை எப்படி ஒரு முனைக்குள் அடக்குவது? திருப்புமுனை வாசகருக்குப் பழகிய சொல் என்று வாதிடுகிறார்கள். அவருக்கு அது வேறு பொருளில் பழகியிருப்பதால், அந்தப் பழக்கமே அவரைத் தவறான பொருளுக்கு இட்டுச் செல்கிறது.

பொருந்தும் சொல் ‘மீள்’ என்னும் வினையில் கிடைக்கிறது. ஆள் என்பது ஆட்சி ஆவதுபோல் மீள் என்பது மீட்சி ஆகிறது. அது தான் மீண்டு வருதல். மற்றொருவர் மீட்பது மீட்பு. காய்ச்சலிலிருந்து மீண்டான் என்கிறோம். அடகு நகையை மீட்டான் என்கிறோம். அவ்வாறே வாங்குபவர் செய்வது தொழில் மீட்பு, நிறுவனம் அடைவது மீட்சி. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதைத் தமிழ் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. மீட்பு என்று மட்டும் எழுதினால் விபத்து மீட்புப் பணி நினைவுக்கு வரலாம் என்பதால், ‘தொழில்’ என்ற அடையை விடக்கூடாது. வினையாக எழுதும்போது, பேச்சில் வழங்கும் ‘தொழிலைத் தூக்கி நிறுத்தினார்’ என்பதைவிட நல்ல தொடர் எனக்குத் தெரியவில்லை.

இதே மொழிபெயர்ப்பாளர்கள், ஆங்கிலத்தில் ‘டிஸ்ட்ரெஸ்டு’ எனப்படும், வாங்கப்படும் நலிந்த நிறுவனத்தை ஓரிடத்தில் ‘துயருற்ற நிறுவனம்’ என்றும், மற்றோரிடத்தில் ‘திவாலான நிறுவனம்’ என்றும் எழுதுகிறார்கள். துயரம் மனிதருக்கு உரியது. திவால் என்பது கடனைத் தீர்க்க வழியற்று நொடித்துப்போன நிலை. நலிவு அதற்கு முந்தியது. ஒரு நிறுவனம் நொடிக்குமா என்று அதன் நிதிக் கணக்குகளைக் கொண்டு கணிக்க, நிதித்துறைப் பேராசிரியர் எட்வர்ட் ஆல்ட்மன் 1968-இல் வகுத்த இசட் மதிப்பெண்கூட, 1.81-க்குக் கீழுள்ளவற்றை நொடிக்கும் அபாயமுள்ளவை என்றும், 2.99-க்கு மேலுள்ளவற்றைப் பாதுகாப்பானவை என்றும் கொண்டு, இடைப்பட்டவற்றைத் தனியே நிறுத்துகிறது. கணக்கு காட்டும் இந்த வேறுபாட்டைச் சொல் அழித்துவிடுகிறது. ‘திவாலான நிறுவனங்களை வாங்குவது எப்படி’ என்று தலைப்பிட்டுவிட்டு, வாடிக்கையாளர் குறையாமலே வட்டி கட்டத் திணறும் தொழில்களைப் பற்றி உள்ளே எழுதுகிறார்கள். தலைப்பை நம்பியவர், இயங்கிக்கொண்டிருக்கும் அந்தத் தொழில்களை விட்டுவிட்டு திவாலானவற்றின் ஏலப் பட்டியல்களைப் புரட்டத் தொடங்குவார்.