கொர்ரலீத்தோ: வைப்புப் பணத்துக்கு ஒரு பட்டி

அர்ஜென்டினாவில் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஓர் அடைப்பைப் பார்க்கலாம். நாலு பக்கமும் வலை கட்டியிருக்கும், அடியில் மெத்தை கிடக்கும். பிள்ளையை உள்ளே இறக்கிவிட்டால் தவழலாம், பொம்மையை உருட்டலாம், விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கலாம். வெளியே மட்டும் வர முடியாது. இதன் பெயர் கொர்ரலீத்தோ. ஸ்பானிய மொழியில் 'கொர்ரல்' என்பது ஆடுமாடு அடைக்கும் பட்டி. 'ஈத்தோ' சிறுமையைக் காட்டும் விகுதி. குட்டிப் பட்டி என்பது நேர்ப்பொருள். தென்னாப்பிரிக்காவின் 'கிரால்' இதே சொல்லின் போர்த்துக்கீசிய வடிவத்திலிருந்து வந்தது. ஆங்கிலேயர் கால இலங்கையில் யானை பிடிக்கக் கட்டிய அடைப்பையும் அப்படித்தான் அழைத்தார்கள்.

இந்தச் சொல் வங்கிக்குள் நுழைந்தது 2001 டிசம்பரில். டிசம்பர் 1 அன்று பொருளாதார அமைச்சர் தொமிங்கோ கவாலோவின் கட்டுப்பாடுகள் 1570/2001 என்ற ஆணையாக வந்தன. ஒருவர் ஒரு வங்கியிலிருந்து வாரத்துக்கு 250 பேசோவோ (அர்ஜென்டின நாணயம்) 250 டாலரோதான் ரொக்கமாக எடுக்கலாம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கடும் தடை. ஆனால் காசோலை கொடுக்கலாம், டெபிட் கார்டு தேய்க்கலாம், ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம். பணம் வங்கிகளுக்குள் ஓடியாடலாம், வாசலைத் தாண்டக் கூடாது. குழந்தை அடைப்பு அச்சாகப் பொருந்திவிட்டது. இந்தப் பெயரைப் பரப்பியவராகப் பொருளாதாரச் செய்தியாளர் அன்தோனியோ லாஹேவைச் சொல்வார்கள்.

அடைக்க வேண்டிய நிலை ஏன் வந்தது? 1991 ஏப்ரல் முதல் சட்டமே நாணயத்தின் விலையை டாலரோடு கட்டிவைத்திருந்தது; 1992இல் பேசோ வந்தபின் அது 1 பேசோவுக்கு 1 டாலர். வைப்புகளில் பாதிக்கு மேல் டாலர் கணக்கு. அந்த டாலரை வங்கிகள் பேசோவில் சம்பாதிப்பவர்களுக்கும் கடன் கொடுத்திருந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்பிக் கேட்டால் எந்த நாட்டு வங்கியும் தடுமாறும். அப்போது மத்திய வங்கி நோட்டு அச்சிட்டுக் கைகொடுக்கும். அர்ஜென்டின மத்திய வங்கியால் டாலரை அச்சிட முடியாது. கையிருப்புக்கு மேல் பேசோவை வெளியிடவும் சட்டம் இடம் தரவில்லை. வைப்புகளில் அரசு கைவைக்காது என்று உறுதி சொல்லும் சட்டம் (எண் 25,466) வந்து சில மாதங்களே ஆகியிருந்தன என்பதுதான் மக்களை மிகவும் கொதிக்கவைத்தது.

90 நாளுக்கு என்று சொன்ன ஏற்பாடு ஒரு வருடம் இழுத்தது. கணக்கும் கார்டும் இல்லாத தினக்கூலிகள், நடைபாதை வியாபாரிகள், கார்டு தேய்க்கும் கருவி இல்லாத சின்னக் கடைகள்தான் முதலில் அடிபட்டார்கள். ரொக்கம் வறண்டதும் அவர்கள் பிழைப்பே நின்றது. தெருக்களில் பாத்திரம் தட்டும் போராட்டம் வெடித்தது. டிசம்பர் 20இல் குடியரசுத் தலைவர் தெ லா ருவா பதவி விலகினார்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 2002 ஜனவரியில் வந்தது வேறொன்று: 'கொர்ரலோன்', அதாவது பெரிய பட்டி. போக்குவரத்துக் காவலர் இழுத்துப்போகும் வண்டிகள் கிடக்கும் இடத்துக்கும் அங்கே இதுதான் பெயர். குறித்த கால வைப்புகளைத் தவணை முடிந்தாலும் தராமல் தள்ளிவைத்தார்கள். பிப்ரவரியில் 214/2002 ஆணை டாலர் வைப்பை 1.40 பேசோவாகவும் டாலர் கடனை 1 பேசோவாகவும் மாற்றியது. 10,000 டாலர் போட்டவருக்கு 14,000 பேசோ என்று கணக்கு. டாலர் 4 பேசோவை நெருங்கிய 2002 நடுவில் அதன் மதிப்பு சுமார் 3,500 டாலர். பணவீக்கத்துக்கு ஏற்பச் சரிக்கட்டல் சேர்ந்தும் இழப்பு ஈடாகவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கணக்கு முடக்கம்' என்று எழுதக் கை போகும். அது தவறு. முடக்கினால் பணம் அசையாது, கொர்ரலீத்தோவில் அசைந்தது. முடக்கம் கொர்ரலோனுக்குத்தான் பொருந்தும். 'பணப்பட்டி' நன்றாக இருக்கிறது, ஆனால் அச்சில் 'பணப்பெட்டி'யின் எழுத்துப்பிழை போலத் தோன்றும். 'தொழு' என்றால் மாட்டுக்கொட்டில்தான், ஆனால் காலை மாட்டும் தொழுமரமும் அதே சொல்லில் இருக்கிறது. அதை 'செப்போ'வுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது. 2011இல் டாலர் வாங்க வந்த கட்டுப்பாட்டுக்கு அர்ஜென்டினர் இட்ட பெயர் அது, பொருளும் தொழுமரம்தான். எனவே கொர்ரலீத்தோவுக்கு வைப்புப்பட்டி, கொர்ரலோனுக்கு வைப்புமுடக்கம், செப்போவுக்கு டாலர்த் தொழு என்று பிரித்துக்கொள்ளலாம். வினையாக எழுதும்போது 'வைப்புகளைப் பட்டியில் அடைத்தார்கள்' என்றாலே போதும்.

அர்ஜென்டினாவில் 1990 ஜனவரியில் நடந்ததை இந்தப் பெயரில் சேர்க்கக் கூடாது. அப்போது குறித்த கால வைப்புகளைப் பிடுங்கி 10 ஆண்டு டாலர் பத்திரங்களைக் கொடுத்தார்கள். அது கட்டாயப் பத்திரமாற்று. 2015இல் கிரேக்கத்தில் ஏடிஎம் இயந்திரத்திலிருந்து நாளுக்கு 60 யூரோ மட்டும் எடுக்கலாம், உள்நாட்டில் கார்டு செல்லும் என்று இருந்ததை ஸ்பானிய இதழ்கள் கொர்ரலீத்தோ என்றே எழுதின. அதற்கும் வைப்புப்பட்டி சரியாக வரும்.