விட்டுத் துடித்தால் பயம், விடாமல் துடித்தால் நிம்மதியா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு வந்த அழைப்பு இதயத்துக்காக வரவில்லை. குதிரை தீனி எடுக்கவில்லை, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, முன்னங்காலால் தரையைக் கீறுகிறது என்றார் உரிமையாளர். போய்க் கையை விட்டுப் பார்த்தால் சாணம் இறுகிக் குடலை அடைத்திருந்தது. மூக்கு வழியாகக் குழாய் செலுத்தித் தண்ணீரும், சாணம் வழுக்கி இறங்க லிக்விட் பாரபின் எண்ணெயும் விட்டுக்கொண்டே கேட்டேன்: "நடக்க விடுவதே இல்லையா?"

"மூன்று வாரமாக லாயத்தைவிட்டு இறக்கவில்லை, டாக்டர். இதயம் விட்டு விட்டுத் துடிக்கிறது. தொலைபேசியில் சிவப்பாகக் காட்டியது."

இந்த ஆண்டில் இது நான்காவது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அது ஒன்பது வயது தரோபிரெட், ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை. 2024 அக்டோபர் 5-ஆம் தேதி சிங்கப்பூரின் கிராஞ்சிப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தபின் கைமாறி வந்தது. இந்த அம்மா அதன்மேல் உயிரையே வைத்திருக்கிறார். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. வயிற்றுப் பட்டையோடு சேர்த்துக் கட்டும் துடிப்புக் கருவி ஒன்றை வாங்கியிருக்கிறார். அது ஓய்வில் நிமிடத்துக்கு 30 என்று காட்டியது. மூன்று துடிப்பு, ஓர் இடைவெளி, மீண்டும் மூன்று துடிப்பு. உடனே சவாரி நின்றது, நடை நின்றது, மேய்ச்சலும் நின்றது. முன்பு கிராஞ்சியில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் அதே லாயத்தில் இருக்கிறார். "பந்தயக் குதிரை என்றால் அப்படித்தான் விடும் அம்மா, பயப்படாதீர்கள்" என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார். முப்பது ஆண்டு குதிரையின் காலடியில் கிடந்த மனிதரின் சொல்லைவிடத் தொலைபேசியின் சிவப்பு நிறம் பெரிதாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், நான் போன அன்று அந்த இதயம் ஒரு துடிப்பைக்கூட விடவில்லை. ஒழுங்காக, கடிகாரம் போல, நிமிடத்துக்கு 56. கருவி பச்சை காட்டியது. எனக்கு அந்த ஒழுங்குதான் கவலை தந்தது. வலியில் இருக்கும் குதிரைக்குத்தான் அப்படித் துடிக்கும். இரண்டு நாள் கழித்துச் சாணம் இறங்கி, புல் தின்ன ஆரம்பித்தபின் ஸ்டெதஸ்கோப் வைத்தேன். 30. மூன்றுக்கு ஒன்று விட்டது. அப்பாடா என்றிருந்தது.

மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் ஒருமுறை சொன்னால் யாரும் நம்புவதில்லை. உடற்கட்டுள்ள குதிரை அமைதியாக நிற்கும்போது இதயம் அவ்வப்போது ஒரு துடிப்பை விடும். அது நோயல்ல. தரோபிரெட்டுக்கும் வண்டிப் பந்தயம் ஓடும் ஸ்டாண்டர்ட்பிரெட்டுக்கும் சர்வ சாதாரணம். ஓய்வில், துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். கையில் பிடித்து இருபது அடி ஓட்டுங்கள். கடிவாளம் தளரும், இடைவெளி மறையும். மறைந்தால் கவலையில்லை. குதிரையை அறையில் பூட்டிவைத்தால் இதயம் குணமாகாது, குடல்தான் அடைக்கும். மனிதருக்கு இப்படி விட்டுத் துடித்தால் மருத்துவர் படுக்கச் சொல்வார் என்கிறார்கள். சொல்லட்டும். ஓய்வில் 30-உம் முழு ஓட்டத்தில் 220-க்கு மேலும் துடிக்கக்கூடிய இதயம் நமக்கு இல்லை.

கவலைப்பட வேண்டிய ஒழுங்கின்மை வேறு. அதில் எந்தக் கணக்கும் இருக்காது. இரண்டு, ஒன்று, ஐந்து என்று மனம்போன போக்கில் துடிக்கும். ஓட்டியபின்பும் அப்படியே இருக்கும். இதயத்தின் மேல் அறைகள் வெறுமனே நடுங்கிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. பெரிய இதயமுள்ள பெரிய குதிரைகளுக்குத்தான் பெரும்பாலும் வரும், வேறு பழுது இல்லாமலேயே வரும். மட்டக்குதிரைக்கு வந்தால் மட்டும் உள்ளே வேறு ஏதோ கெட்டிருக்கிறது என்று தேடத் தொடங்கிவிடுவேன். இதற்கு ஈசிஜி வேண்டும், என்னை அழையுங்கள், நள்ளிரவானாலும் திட்டமாட்டேன்.

இப்போது அதே லாயத்தின் கடைசி அறைக்கு வாருங்கள். அங்கே பாரக் குதிரைக் கலப்பு ஒன்று நிற்கிறது. குளம்புக்கு மேல் குஞ்சம் குஞ்சமாக மயிர், பீப்பாய் போன்ற உடல். பிள்ளைகள் செல்லமாகக் குண்டன் என்கிறார்கள். பொறுமைசாலி, யாரையும் தள்ளிவிடாது. அதனாலேயே பகல் மூன்று மணி சவாரி வகுப்புக்கு அதைத்தான் அனுப்புகிறார்கள். அந்த ஞாயிறன்று நான் கிளம்பும்முன் இன்னொரு குதிரையின் காலைப் பார்க்க நேர்ந்து மாலை வரை அங்கேயே இருந்தேன். வகுப்பு முடிந்து பத்து நிமிடம் கழித்துக் குண்டனின் துடிப்பை எண்ணினேன்: 92. அரை மணி கழித்தும் 72. மூக்கு விரிந்து மூச்சு வாங்குகிறது. "அது எப்போதும் இப்படித்தான் டாக்டர், கொஞ்சம் சோம்பேறி" என்றார் பயிற்சியாளர். இதயம் விடாமல் சீராகத் துடித்ததால் ஒருவருக்கும் பயமில்லை.

ஒரு சின்னக் கணக்கு. தரோபிரெட்டின் இதயம் உடல் எடையில் ஏறத்தாழ 1 விழுக்காடு. 500 கிலோ குதிரைக்கு 5 கிலோ இதயம். பாரக் குதிரையில் அந்த விகிதம் ஏறத்தாழ 0.6 விழுக்காடு. 800 கிலோ குதிரைக்கும் கிட்டத்தட்ட அதே 5 கிலோதான். அதே இயந்திரம், 300 கிலோ கூடுதல் சுமை. அதோடு பருத்த உடலில் சூடு வெளியேறவும் வழி குறைவு. நம் ஊரின் 32 டிகிரியிலும் ஈரக் காற்றிலும் வியர்வை காயவே காயாது. தோலுக்கு இரத்தத்தை அனுப்பியே இதயம் களைத்துவிடும். வண்டி இழுத்து மெதுவாக நடக்கப் பிறந்த இனத்தைப் பந்தயக் குதிரையோடு ஒரே வரிசையில் ஓட வைத்துவிட்டுச் சோம்பேறி என்று பெயர் சூட்டுகிறோம்.

(பெரிய இதயம் என்றதும் செக்ரட்டேரியட் என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பந்தயக் குதிரையின் 10 கிலோ இதயத்தைப் பற்றி யாராவது கேட்பார்கள். 1989-இல் அது இறந்தபோது இதயத்தை யாரும் எடை போடவில்லை. அது மருத்துவர் ஒருவரின் மதிப்பீடு. எடை போட்டது வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவின் கான்பராவுக்குப் போங்கள், ஃபார் லாப் என்ற பந்தயக் குதிரையின் இதயம் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 6.2 கிலோ.)

தரோபிரெட்டையும் அரேபியக் குதிரையையும் சூட்டு இரத்த இனம், பாரக் குதிரையைக் குளிர் இரத்த இனம் என்று சொல்கிறார்களே, அது குணத்தைச் சொல்லும் பெயர், உடல் சூட்டை அல்ல. எல்லாவற்றுக்கும் 38 டிகிரியை ஒட்டித்தான். ஆனால் இரத்தத்திலேயே ஒரு வேறுபாடு உண்டு: தரோபிரெட், அரேபியக் குதிரைகளுக்குச் சிவப்பணுக்கள் அதிகம், பாரக் குதிரைக்கும் மட்டக்குதிரைக்கும் குறைவு. குண்டன் போன்ற ஒன்றின் பரிசோதனை முடிவைத் தரோபிரெட் அட்டவணையோடு ஒப்பிட்டு, இரத்தசோகை என்று இரும்புச் சத்து டானிக் ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து ஊற்றாதீர்கள். மிஞ்சிய இரும்பு ஈரலைத்தான் கெடுக்கும்.

தேக்காவில் ரேஸ் கோர்ஸ் ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் நினைப்பேன், 1842-இல் பந்தயக் கிளப் தொடங்கிய ஊர் இது. துடிப்பை எண்ணத் தெரிந்தவர்களை இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். காலையில் தீனிக்கு முன், குதிரை அமைதியாக நிற்கும்போது, இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வையுங்கள். லப்-டப் இரண்டும் சேர்ந்து ஒரு துடிப்பு. இரண்டாக எண்ணி 80 என்று அலறி என்னை வரவழைத்தவர்கள் உண்டு. குதிரைக்குச் சில நேரம் நான்கு ஓசைகூடக் கேட்கும், குழம்பாதீர்கள். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கும் சோம்பல் வேண்டாம். முழு ஒரு நிமிடம். ஒரு வாரம் எண்ணினால் உங்கள் குதிரையின் எண் உங்களுக்குத் தெரிந்துவிடும். பக்கத்து அறைக் குதிரையின் எண் உங்களுக்கு எதற்கு?

ஓய்வில் எண்ணுவதைவிட வேலைக்குப் பின் எண்ணுவதுதான் முக்கியம். நெடுந்தூரப் போட்டிகளில் துடிப்பு 64-க்கு இறங்கினால்தான் மேலே போக விடுவார்கள். அரேபியக் குதிரைகள் அங்கே கொடிகட்டிப் பறப்பது வேகமாக இறங்கும் துடிப்பால்தான். ஒரு வகுப்பு முடிந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் உங்கள் குதிரையும் 60-ஐ ஒட்டி வந்துவிட வேண்டும். வராவிட்டால் நிழல், காற்றாடி, தண்ணீர். குளிர்ந்த தண்ணீரையே ஊற்றுங்கள், உடல் முழுக்க, நிறுத்தாமல். சூடான குதிரைமேல் குளிர்ந்த நீர் பட்டால் இதயம் நின்றுவிடும் என்பது பழங்கதை. மற்றவை நனைந்து நிற்க ஒன்று மட்டும் வியர்க்காமல் உலர்ந்து நின்றால், அன்றே சொல்லுங்கள். வெப்ப மண்டலத்துக்கு வந்த குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோவது உண்டு. பருத்த குதிரைகளின் வகுப்பைக் காலை ஒன்பதுக்கு முன்போ மாலை ஆறுக்குப் பின்போ வையுங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

நேற்றுப் போனேன். அந்த அம்மா லாயக் கதவில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறார்: "30. மூன்றுக்கு ஒன்று விடும். ஓட்டினால் சரியாகிவிடும்." பக்கத்தில் பெரியவரின் கையொப்பம் வேறு. கடைசி அறைக் கதவிலும் ஓர் அட்டை தொங்குகிறது. அதில் பகல் மூன்று மணி வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன.